துளை போடாமல் காரில் ரேடியோ மாட்ட வழி உண்டா? (எர்டிகா, 50 வாட் ரிக்)

திம்பம்27 எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஹாம் (அமெச்சூர்) ரேடியோ லைசென்ஸுக்கான ஏஎஸ்ஓசி தேர்வு எழுதி, லைசென்ஸ் கைக்கு வந்த கையோடு ஐகாம் ஐசி-2730 ரிக் (ரேடியோ செட்) ஒன்று வாங்கிவிட்டேன். இப்போதைக்கு வீட்டு மேசையில் பவர் சப்ளையோடு ஓடுகிறது. இதைக் காரில் மாட்ட ஆசை. சிக்கல் என்னவென்றால் கார் அப்பாவுடையது. மாருதி எர்டிகா, மைல்ட் ஹைப்ரிட், கடன் இன்னும் முடியவில்லை. "எங்கேயாவது டிரில் வைத்தாய் என்றால் ரேடியோவோடு சேர்த்து உன்னையும் நடுவழியில் இறக்கிவிடுவேன்" என்று சொல்லிவிட்டார். சீட்டின் பாலிதீன் உறையைக்கூட இன்னும் பிரிக்க விடாதவர் அவர். பேசிப் பயனில்லை.

ஈரோட்டிலிருந்து சத்தியமங்கலம் வழியாகத் தாளவாடிக்கு அடிக்கடி போய் வருகிறோம். பண்ணாரி தாண்டி திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில் செல்போன் சிக்னல் வந்தால் வந்தது. காருக்குள் உட்கார்ந்து 5 வாட் ஹேண்டியில் (கையடக்க செட்டில்) கூப்பிட்டால் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையம்) திறப்பதே இல்லை. அதனால்தான் காரிலேயே நிரந்தரமாக ஒன்று வேண்டும் என்கிறேன்.

ரிக்கை எங்கே வைப்பது, கரண்ட் எங்கிருந்து எடுப்பது, ஆண்டெனாவை எதில் நிறுத்துவது? காரை விற்கும்போது எல்லாவற்றையும் கழற்றினால் அடையாளமே தெரியக் கூடாது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


கோவை_ரிசீவர் எழுதியது:

வாழ்த்துகள் ஓஎம் (நண்பரே). ரொம்ப யோசிக்க வேண்டாம். கூரை மேல் காந்த ஆண்டெனா, திரை உள்ள முகப்பை நிறுத்த முன்கண்ணாடியில் சக்‌ஷன் கப், கரண்டுக்கு சிகரெட் லைட்டர் சாக்கெட். அரை மணி நேர வேலை. 73 (வாழ்த்துகளுடன்).


சேலம்_ஒயரிங் எழுதியது:

தம்பி, கோவைக்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர் சொன்ன மூன்றில் காந்தத்துக்கு மட்டும் நான் பாதி மார்க் போடுவேன். மற்ற இரண்டும் வேண்டாம்.

நான் சேலத்தில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். ஹாம் ஆனதெல்லாம் பிற்பாடு. அதனால் ரேடியோ பக்கத்திலிருந்து அல்ல, கார் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பானட்டைத் தூக்கிவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, டார்ச் அடித்து நிதானமாகப் பாருங்கள். கம்பெனிக்காரனே எத்தனை ஓட்டை, எத்தனை போல்ட் போட்டு அனுப்பியிருக்கிறான் என்று தெரியும். அதில் எது நமக்கு உதவும் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. தேடச் சோம்பல்படுகிறவன்தான் டிரில்லை எடுக்கிறான்.

கரண்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் தீப்பிடித்தால் அங்கேதான் பிடிக்கும். உங்கள் ரிக் முழு 50 வாட்டில் பேசும்போது 12, 13 ஆம்பியர் இழுக்கும். லைட்டர் சாக்கெட்டின் மூடியைப் பாருங்கள், 120 வாட் என்று எழுதியிருக்கும். அதாவது 10 ஆம்பியர். லோ பவரில் பேசினால் தாங்கும். ஹையில் பிடிடியை (மைக்கில் உள்ள பேசும் பொத்தானை) அழுத்தினால் ஒன்று ஃப்யூஸ் போகும், இல்லாவிட்டால் பிளக்கின் நடு முள் சூடாகிச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகும். இளகிப்போன சாக்கெட்டுகள் கடைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன, பெரும்பாலும் டயருக்குக் காற்றடிக்கும் பம்பு செய்த வேலை.

ஆகவே பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்துவிடுங்கள். செம்பு வயர், 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்). பேட்டரியிலிருந்து ரிக் வரை 4 மீட்டர் என்றால் போக வர 8 மீட்டர். 4 ஸ்கொயரில் 13 ஆம்பியர் ஓடினால் வழியில் அரை வோல்ட் தொலையும். மலிவாக இருக்கிறதே என்று 1.5 ஸ்கொயர் போட்டால் 1.3 வோல்ட் தொலையும். எஞ்சின் ஆஃபில் பேட்டரியே 12.5 வோல்ட்தான் காட்டும். அதிலும் இவ்வளவு போனால் ரிக்குக்கு 11 சொச்சம்தான் போய்ச் சேரும். அப்புறம் பவர் இறங்குகிறது, ஆடியோ கரகரக்கிறது என்று ரிக்கைக் குறை சொல்வோம்.

ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும், உள்ளே செட்டுக்குப் பக்கத்தில் அல்ல. சங்ககிரி லாரி ஒன்றில் யாரோ மியூசிக் செட்டுக்கு இழுத்த வயரில் ஃப்யூஸைக் கேபினுக்குள் வைத்திருந்தார்கள். வயர் நடுவழியில் சேசிஸ் ஓரத்தில் உரசி உரசித் தோல் போய் ஷார்ட் ஆகிவிட்டது. ஃப்யூஸ் அப்படியே முழுசாக இருந்தது. ஷார்ட் ஆனது அதற்கு முன்னாலேயே அல்லவா? வயர் முழுக்கக் கரியாகி வந்து நின்றது. வயருக்கு மேல் ஃப்ளெக்ஸிபிள் ஸ்லீவ் போடுங்கள், கூர்மையான தகடு ஓரம் வருகிற இடமெல்லாம் கேபிள் டை போட்டு விலக்கிக் கட்டுங்கள்.

எஞ்சின் ரூமிலிருந்து உள்ளே வர ஃபயர்வாலில் (நடுவில் உள்ள தகட்டுச் சுவரில்) துளை வேண்டியதில்லை. பெரிய ஒயரிங் கட்டு ஒன்று கறுப்பு ரப்பர் கிராமெட் வழியாக உள்ளே நுழையும். பல மாடல்களில் அந்த ரப்பரிலேயே விரல் நுனி அளவுக்கு மூடிய காம்பு ஒன்று சும்மா நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் ஏதாவது வயர் கொண்டுபோக வேண்டியிருந்தால் உதவட்டும் என்று விட்டது. அதன் நுனியை வெட்டினால் வழி கிடைத்துவிடும். காம்பு இல்லையென்றால் பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றை எடுத்து, நுனியை மழுங்கத் தேய்த்து, சோப்புத் தண்ணீர் தடவி, ரப்பரின் ஓரத்தில், ஒயரிங் கட்டை விட்டு நன்றாகத் தள்ளி, எஞ்சின் பக்கத்திலிருந்து மெதுவாக அழுத்துங்கள். வயரைக் கம்பியின் வாலில் வைத்து, முன்பக்கம் ஒல்லியாக வருமாறு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் கம்பி நுனியைப் பார்த்ததும் இழுத்தால் வயரும் கூடவே வந்துவிடும். வந்த பிறகு ரப்பரைச் சுற்றிக் கொஞ்சம் சிலிக்கான் தடவுங்கள். தடவாமல் விட்டால் அடுத்த மழைக்குக் கால் மிதியடி நனைந்திருக்கும், அப்பா காரணம் கேட்பார்.

நெகட்டிவ் வயரைப் பேட்டரி முனையில் நேராக மாட்ட வேண்டாம். உங்கள் வண்டி மைல்ட் ஹைப்ரிட். இந்த மாதிரி வண்டிகளில் நெகட்டிவ் முனையிலேயே கரண்ட் சென்சார் ஒன்று உட்கார்ந்திருக்கும், பேட்டரிக்குள் எவ்வளவு போகிறது, வருகிறது என்று கணக்கு வைப்பது அதுதான். அதைத் தாண்டி நாம் மாட்டினால் கணக்கு தப்பும். பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் பாடியில் எந்த போல்ட்டில் இறங்குகிறதோ, அதே போல்ட்டில், வயர் நுனியில் லக் (வளையம்) அடித்து மாட்டுங்கள்.

ரிக் எங்கே? உங்களுக்கு வசதி என்னவென்றால் 2730-இல் முகப்பு தனி, பெட்டி தனி. பெட்டியைக் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்துவிடலாம். எல்லாரும் முதலில் சொல்லும் இடம் முன் பயணி இருக்கைக்கு அடியில். அங்கே கை விடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். சுசுகி மைல்ட் ஹைப்ரிட் வண்டிகளில் லித்தியம் பேட்டரியை முன் இருக்கைக்கு அடியில் வைக்கும் பழக்கம் உண்டு. அது இருந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். அதே போல மஞ்சள் நிற கனெக்டர் எது கண்ணில் பட்டாலும் அது ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டது. தொடாதீர்கள், அதன் மேல் வயர் கட்டாதீர்கள். பில்லர் கவருக்குள் வயர் விடும்போதும் இதுவே விதி.

எனக்குப் பிடித்த வழி பலகை. 12 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு, மேலே கார்பெட் நிறத்தில் ரெக்சின். ரிக்கோடு வந்த பிராக்கெட்டைப் பலகையில் ஸ்க்ரூ போட்டுக்கொள்ளலாம். துளை பலகையில்தானே, காரில் இல்லையே. பலகையின் ஓரத்தில் 3 மில்லிமீட்டர் இரும்புப் பட்டை ஒன்றை எல் வடிவில் வளைத்து, அதன் மறுமுனையை சீட் ரெயிலைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்களில் ஒன்றுக்குக் கீழே கொடுத்துவிட வேண்டும். பட்டை போல்ட் தலைக்கும் ரெயிலுக்கும் நடுவில் வர வேண்டும். ரெயிலுக்கும் தரைக்கும் நடுவில் போனால் சீட் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். ஒரு போல்ட்டை மட்டும் கழற்றி மாட்டுங்கள், சர்வீஸ் மேனுவலில் சொன்ன டார்க் (முடுக்கு விசை) வைத்து முடுக்குங்கள். சீட் போல்ட் என்பது விபத்தில் உயிர் காக்கிற சாமான், கைக்கணக்கில் முடுக்குகிற விஷயம் இல்லை.

ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் என்றால் இந்தப் பட்டை இல்லாமல் வெறுமனே வெல்க்ரோவில் வைக்கவே கூடாது. பிரேக் அடிக்கிற நேரத்தில் பெட்டி நழுவி பெடலுக்கு அடியில் வந்து நின்றால் கதை முடிந்தது. பெட்டியைச் சுற்றிக் காற்று போகவும் இடம் விடுங்கள். 50 வாட் வெளியே போக, உள்ளே இழுப்பது 150-க்கு மேல். மீதி எல்லாம் சூடுதான்.

முகப்புக்கு சக்‌ஷன் கப் நம் ஊர் வெயிலில் நிற்காது. ஈரோட்டில் மே மாதம் மத்தியானம் நிறுத்திவிட்டு வந்து பாருங்கள், ரப்பர் அப்பளமாக நெளிந்திருக்கும். விழுவதும் சும்மா விழாது, சரியாக வளைவில்தான் விழும். இரட்டைப் பக்க டேப்பும் வெயிலில் பசை இளகி அதே கதைதான், கழற்றும்போது டாஷ்போர்டின் தோலும் கூட வரும். கப் ஹோல்டரில் உட்காரும் கழுத்து ஸ்டாண்டு கிடைக்கிறது, அது பரவாயில்லை. இன்னும் நல்லது, நடு கன்சோலின் பக்கவாட்டில் ஏற்கெனவே இருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, கொஞ்சம் நீளமான ஸ்க்ரூவோடு சின்ன எல் பிராக்கெட்டைக் கொடுத்து முகப்பை நிறுத்துவது. கியர் போடும் கை இடிக்காத இடமாகப் பாருங்கள். பயணி ஏர்பேக் மூடி மேல் மட்டும் எதையும் வைக்காதீர்கள்.

கடைசியாக ஆண்டெனா. 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலை (அலைநீளத்தில் கால் பங்கு) ஆண்டெனா ஏறக்குறைய 49 சென்டிமீட்டர். கண்ணுக்குத் தெரிவது அந்தக் கம்பி மட்டும். அதன் மறுபாதி காரின் தகடு. கூரையின் நடுவில் காந்தம் வைத்தால் நாலு பக்கமும் சமமாகத் தகடு கிடைக்கிறது, அதனால் சிக்னல் நன்றாகப் போகும். ஹேண்டி காருக்குள் இருந்து எட்டவில்லை என்று சொன்னீர்களே, நீங்கள் உட்கார்ந்திருப்பது இரும்புப் பெட்டிக்குள், அவ்வளவுதான்.

காந்தத்தின் வினை பெயிண்ட்டில். ஓட ஓட அடியில் தூசு நுழையும், அதிர்வில் அதுவே உப்புத்தாளாகத் தேய்க்கும். மழை நீரும் தங்கும். கூரையில் வட்டமாகத் தழும்பு விழுந்தால் அப்பாவுக்கு அது துளையை விட மோசம். காந்தம் வைக்கும் இடத்தில் மெல்லிய பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டலாம், மெல்லியதாக இருக்கும் வரை சிக்னலுக்குக் கேடில்லை. அடிக்கடி தூக்கித் துடைக்கவும் வேண்டும். இழுத்து நகர்த்தக் கூடாது, ஒரு பக்கமாகச் சாய்த்துத் தூக்க வேண்டும்.

நிரந்தரமாக என்றால் என் ஓட்டு பானட் ஓரத்துக்கு. பானட்டைத் திறந்தால் ஃபெண்டர் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள) தகட்டை வரிசையாகப் பிடித்திருக்கும் போல்ட்கள் தெரியும். முன்கண்ணாடிக்கு அருகில் இருக்கும் கடைசி ஒன்றைக் கழற்றி, 3 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் பட்டையில் செய்த பிராக்கெட்டை மாட்டினால் அது பானட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி வழியாக மேலே வந்து நிற்கும். முதலில் அட்டையில் வெட்டி அளவு பாருங்கள், பானட்டை மூடித் திறந்து உரசுகிறதா என்று பாருங்கள், பிறகு பட்டறைக்குக் கொண்டுபோங்கள். போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்ட் இருந்தால் எர்த் கிடைக்காது. ஸ்டார் வாஷர் போட்டு முடுக்கினால் அதன் பல் பெயிண்ட்டைக் கடித்துக்கொண்டு உலோகத்தைப் பிடித்துவிடும். மல்டிமீட்டரை பிராக்கெட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தால் ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். ஆண்டெனா வண்டியின் ஒரு மூலையில் நிற்பதால் எல்லாத் திசைக்கும் சமமாகப் போகாது. கூரை நடுவோடு ஒப்பிட்டால் கொஞ்சம் இழப்புதான். ஒப்புக்கொள்ளக்கூடிய இழப்பு.

முன்பெல்லாம் பம்பர் கார்டில் மாட்டிக்கொள்வோம், எனக்கும் அது பிடித்த இடம். 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் பம்பர் கார்டுகள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டதால் அந்த வழி இப்போது இல்லை.


காடோடி_ஜீப் எழுதியது:

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எங்களிடம் லைசென்ஸ் இல்லை, நாலைந்து ஜீப் சேர்ந்து மலைக்குப் போவோம். இதே 50 வாட் செட் வாங்கி மாட்டிக்கொள்ளலாமா?


சேலம்_ஒயரிங் எழுதியது:

கூடாது. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஹாம்களுக்கு ஒதுக்கியது, லைசென்ஸ் இல்லாமல் அங்கே பிடிடி அழுத்துவது குற்றம். வண்டிக்கு வண்டி பேச மட்டும் என்றால் 446.0 முதல் 446.2 வரை லைசென்ஸ் விலக்கு உள்ள குறைந்த பவர் வாக்கிடாக்கி வாங்குங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஏஎஸ்ஓசி எழுதுங்கள், 12 வயது ஆனவரே எழுதலாம், விண்ணப்பம் சரள் சஞ்சார் தளத்தில்.


குமரி_அலை எழுதியது:

சேலத்து அண்ணன் பானட்டோடு நிறுத்திவிட்டார், நான் டிக்கிப் பக்கம் சொல்கிறேன். என்னுடையது சின்ன ஹேட்ச்பேக். டிக்கிக் கதவின் மேல் ஓரத்தில் கவ்விக்கொள்ளும் மவுண்ட் போட்டிருக்கிறேன், டயமண்ட் கே400 வகை. அடியில் இருக்கும் சின்ன ஆலன் ஸ்க்ரூக்கள் தகட்டின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும், கதவை மூடினால் கவ்வின இடம் வெளியே தெரியாது.

வாங்குவதற்கு முன் ஃபிரிட்ஜ் காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் டிக்கிக் கதவில் ஒட்டிப் பாருங்கள். சில புதுக் கார்களில் அது பிளாஸ்டிக், அதில் கவ்விப் பயனில்லை. இரும்பாகவே இருந்தாலும் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருப்பது கீல் மட்டும்தான். கிரீஸும் பெயிண்ட்டும் அடைத்த கீல் நல்ல எர்த் ஆகாது. எனக்கு எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா பொருத்தத்தைக் காட்டும் எண், 1-க்கு அருகில் இருந்தால் நல்லது) ஒரு நாள் 1.4, ஒரு நாள் 3 என்று ஆடிக்கொண்டே இருந்தது. கதவின் கீல் போல்ட்டிலிருந்து பாடிப் பக்கத்துக் கீல் போல்ட்டுக்குத் தட்டையான செம்புப் பின்னல் பட்டை ஒன்றைக் கொடுத்த பிறகுதான் அடங்கியது. இதுவும் இருக்கிற போல்ட்தான், துளை இல்லை.

தகடு சரியாகக் கிடைக்காத இடத்தில் கால் அலைக்குப் பதில் அரை அலை ஆண்டெனா வைத்துக்கொள்ளலாம், அது தகட்டை அவ்வளவாக நம்பியிருக்காது. ஆனால் ஒரு மீட்டர் உயரம். திம்பத்தில் சாலை மேல் கவிந்த கிளைகள் ஒவ்வொன்றும் அதைத் தட்டிப் பார்க்கும். மலை மேல் இருக்கும் ரிப்பீட்டரை அடிவாரத்திலிருந்து பிடிக்கக் கால் அலைதான் எனக்கு நன்றாக வேலை செய்கிறது, அது கொஞ்சம் மேல்நோக்கியும் வீசும். நீளமானது வைத்தால் மடக்கும் வசதி உள்ளதாகப் பாருங்கள், மருத்துவமனை, மால் பேஸ்மெண்ட்டில் நுழையும்போது மடக்காமல் முடியாது.

கோ-ஆக்ஸ் (ஆண்டெனா கேபிள்) உள்ளே வருகிற இடம் கதவு ரப்பர் என்பதால் ஒரு விஷயம். ஆர்ஜி-58 வகைக் கேபிளின் தடிமன் 5 மில்லிமீட்டர், ரப்பரில் நசுங்கி நசுங்கி வடிவம் கெடும். ரப்பரைத் தாண்டும் துண்டுக்கு மட்டும் மெல்லிய ஆர்ஜி-316, உள்ளே போனதும் ஆர்ஜி-58 என்று இணைத்துக்கொள்ளுங்கள். முழு நீளமும் மெல்லியதையே போட்டால் இழப்பு இரட்டிப்பாகும். ரப்பருக்கு வெளியே கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கொண்டுவந்தால் மழை நீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராது. எங்கள் ஊர் ஐப்பசி மழையில் இதைச் செய்யாதவர்கள் டிக்கியைப் பிழிந்துகொண்டிருப்பார்கள்.


திம்பம்27 எழுதியது:

அண்ணா, அக்கா, இருவருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவிடம் பதிவைப் படித்துக் காட்டினேன். ஸ்டார் வாஷர் பெயிண்ட்டைக் கடிக்கும் என்ற வரியில் நிறுத்தி "எத்தனை பெரிசு?" என்று கேட்டார். பானட்டுக்கு உள்ளேதான், வெளியே தெரியாது என்றேன். துரு பிடித்தால் என்ன செய்வாய் என்கிறார். இது வரை அவர் சம்மதித்தது பானட் பிராக்கெட்டுக்கும் பலகைக்கும். காந்தத்துக்குச் சம்மதமில்லை.

இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். அண்ணா சொன்னது போல இடது பக்கம் பேட்டரி இருக்கிறது. வலது பக்கம் காலி.

இன்னும் இரண்டு. ரிக்கை சாவியோடு சேர்த்து ஆன், ஆஃப் ஆக வைக்கலாமா? ஓட்டிக்கொண்டே பேசினால் போலீஸ் பிடிப்பார்களா?


சேலம்_ஒயரிங் எழுதியது:

துருவுக்கு வழி உண்டு. முடுக்கி, மல்டிமீட்டரில் பார்த்து முடித்த பிறகு வாஷரைச் சுற்றி ஜிங்க் ஸ்ப்ரே அடித்து, மேலே லேசாக வாசலின் தடவிவிடச் சொல்லுங்கள். கழற்றும் நாளில் டச்சப் பெயிண்ட் ஒரு சொட்டு போதும். அப்பாவையே பக்கத்தில் நிற்க வைத்து வேலை செய்யுங்கள், முடுக்குகிற வேலையை அவரிடமே கொடுத்தால் இன்னும் நல்லது.

சாவியோடு சேர்க்கலாம். முழுக் கரண்டையும் சாவி வழியாக எடுக்காமல், ஃப்யூஸ் பெட்டியில் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடம் ஒன்றில் ஃப்யூஸ் டேப் (ஃப்யூஸ் இடத்தில் செருகிக் கிளை வயர் எடுக்கும் துண்டு) செருகி, அந்தச் சின்னக் கரண்டில் 30 ஆம்பியர் ரிலே ஒன்றை இயக்குங்கள். பேட்டரி வயரை ரிலே திறந்து மூடும். ரிக்கை அணைக்க மறந்து இரவு முழுக்க விட்டாலும் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஃப்யூஸ் டேப் செருக ஏர்பேக், ஏபிஎஸ் என்று எழுதிய இடங்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

முதல் தடவை பிடிடி அழுத்துவது நின்ற வண்டியில் இருக்கட்டும். எஞ்சினை ஓடவிட்டு, லோ, மிட், ஹை என்று ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டர் பேனலைப் பாருங்கள். எச்சரிக்கை விளக்கு ஏதாவது மினுக்கினால் கோ-ஆக்ஸ் போகும் வழியை மாற்றுங்கள். பவர் வயரும் கோ-ஆக்ஸும் வண்டியின் ஒயரிங் கட்டோடு ஒட்டி ஓடாமல் ஆளுக்கு ஒரு பக்கமாகப் போனால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

போலீஸ் விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு 184-ஆம் பிரிவில், ஓட்டும்போது கையில் பிடித்துப் பேசும் தொடர்புக் கருவி ஆபத்தான ஓட்டுதலில் சேருகிறது. மைக்கும் கையில் பிடிப்பதுதானே என்று ஒரு அதிகாரி கேட்டால் நடுரோட்டில் நின்று வாதாட முடியாது. பக்கத்து சீட்டில் இருப்பவர் லைசென்ஸ் உள்ளவராக இருந்தால் அவர் பேசட்டும், இல்லையென்றால் ஓரமாக நிறுத்திப் பேசுங்கள். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்குக்கே இரண்டு கை போதாது. லைசென்ஸ் நகல் ஒன்றை லேமினேட் செய்து ஆர்சி புத்தகத்தோடு வையுங்கள். சோதனைச் சாவடியில் ஆண்டெனாவைப் பார்த்தால் கேட்கத்தான் செய்வார்கள்.

பலகைக்கு வலது சீட்டின் பின்பக்க போல்ட்டைப் பயன்படுத்துங்கள், முன்பக்கத்தை விடப் பெடலுக்கு அது தூரம். சீட்டை முழுக்க முன்னால் தள்ளினால் போல்ட் தலை தெரியும், பிளாஸ்டிக் மூடி இருந்தால் நெம்பி எடுங்கள். பட்டையில் துளையை போல்ட்டின் உடம்பு இறுக்கமாக நுழையும் அளவுக்கு மட்டும் போடச் சொல்லுங்கள், பெரிசாகப் போட்டால் ஆடும்.